கன்று போட்ட மறுநாள்

அந்தக் கால்நடை டாக்டரம்மாவை ஒரே ஒரு காலையில்தான் பார்த்தேன். ஒல்லியான உருவம், ஏற்றிக் கட்டிய கொண்டை.

பூதலூர் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பசு, கன்று போட்ட மறுநாள் தலையை விலாப்பக்கம் மடக்கிக் கிடந்தது. காது சில்லிட்டிருந்தது. கண்ணில் ஈ உட்கார்ந்தும் இமை அசையவில்லை. அண்ணன் குழி வெட்ட ஆள் கூப்பிட்டுவிட்டார். மனம் கேட்காமல் என் மனைவிதான் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"சாகலைங்க. கால்சியமெல்லாம் பாலோட போயிடுச்சு," என்றார் அவர், பசுவைத் தொட்டுப் பார்த்துவிட்டு. "தசையை இயக்குற நொதியை ஒரு புரதம் தடுத்துக்கிட்டு நிக்கும். கால்சியம் வந்து அந்தப் புரதத்துல ஒட்டினாத்தான் வழி விடும்."

கழுத்து நரம்பில் ஊசி குத்தி கால்சியம் பாட்டிலை மாட்டினார். மருந்து வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடுமாம். அதனால் பசுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தார். பாதி பாட்டில் இறங்கியபோது விலாவில் நடுக்கம் ஓடியது. சற்று நேரத்தில் பசு எழுந்து நின்றது. சந்தோஷத்துக்கு முன்னால் எங்களுக்குப் பயம்தான் வந்தது.

"இவ்வளவு நேரம் அதுக்கு நினைவு இருந்துச்சாங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருந்திருக்கும். அசையத்தான் முடியல. சில வீட்ல குழி வெட்டினப்புறம் கூப்பிடுறாங்க. கூப்பிடாமலே மூடினவங்களும் இருப்பாங்கல்ல?"

கை கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஸ்கூட்டரில் போய்விட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் இதன் தாய்ப்பசுவும் கன்று போட்ட கையோடு இப்படித்தான் விழுந்தது. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. கொல்லையில் புதைத்தபோது, முகத்தில் மண் விழக் கூடாதென்று நான்தான் துண்டைப் போட்டு மூடினேன்.