செத்தவீட்டுக்குக் கொண்டுபோன அப்ரிகொட் பை

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மெல்பேர்னில், கிளேட்டன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. எனக்கு வேலை, வேலிக்கு மேலால் அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது. தமிழ் பேச அந்தத் தெருவில் வேறு ஆளில்லை.

அடுத்த வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அவர்களுடைய பின்வளவில் ஒரு அப்ரிகொட் மரம் நின்றது. டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போதுதான் அது பழுக்கும். கணவர் ஏணியில் ஏறிப் பறிப்பார். மனைவி அந்தப் பழங்களைச் சீனியோடு அவித்து, வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவுக்குள் நிரப்பி, மேலேயும் மாவால் மூடிப் போறணையில் சுடுவார். ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த அப்ரிகொட் பை ஒன்று எங்கள் வீட்டுக்கும் வரும். தைப்பொங்கலுக்கு நான் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருமுறை அவருடைய குசினியில் நின்று பை செய்யும் விதத்தையும் பார்த்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வருடம், அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் அந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார்.

டிசம்பர் வந்தது. உயரத்துப் பழங்கள் பறிக்க ஆளில்லாமல் விழுந்தன. பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் ஊரில், சாவு நடந்த வீட்டில் ஆண்டுத் திவசம் முடியும்வரை பண்டிகைக்குப் பலகாரம் சுடமாட்டார்கள். அயலவர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இந்த மனுசிக்கு யார் கொடுப்பார்கள்? என்னை விட்டால் ஆளில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் பக்கம் சாய்ந்த கிளையில் இருந்த பழங்களைப் பறித்து அவித்தேன். முதல் பை கரிக்கட்டை. இரண்டாவது ஓரத்தில் மட்டும் கருகியது. நத்தாருக்கு முதல் நாள் மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு பெருமையோடு போனேன்.

கதவைத் திறந்தவரின் கைகளில் மணிக்கட்டு வரை மா. பின்னால் மேசையில் அழகாகச் சுட்ட மூன்று பைகள்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு தட்டை நீட்டியிருக்கலாம். நானோ எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். கணவன் இறந்த வருடம் மனைவி பலகாரம் சுடக்கூடாது, அதனால்தான் நான் கொண்டுவந்தேன் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்படியானால் நான் செய்தது பிழையா?" என்று கேட்டார்.

நான் அவசரமாகத் தட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கி, மெல்லிய குரலில் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

வீட்டில் கணவர் விட்டாரா? "ஊர் வழக்கத்தை ஏனப்பா அந்த மனுசியின்ரை தலையிலை கட்டினீர்? நத்தாரும் அதுவுமா அழப்போகுது."

"நான் நல்லதுக்குத்தானே செய்தனான்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது. அந்தத் தெருவில் எனக்கிருந்த ஒரே சிநேகிதியை என் வாயாலேயே இழந்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் அவருடைய பிள்ளைகளின் கார்கள் வந்து நின்றன. உடுப்புக் காயப்போடக்கூட நான் பின்வளவுக்குப் போகவில்லை.

அதற்கடுத்த நாள் காலை அவரே வந்தார், கையில் என் வெறும் தட்டு. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். முதலில் என்மேல் சரியான கோபம்தானாம். எல்லாம் வழக்கம்போல நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார். பிள்ளைகளும் அப்பாவின் பேச்சை எடுக்காமல் கவனமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பை மட்டும் ஏன் கருகியிருக்கிறது என்று மூத்த மகன் கேட்டிருக்கிறான். அதைச் சொல்லப்போனால் அப்பா இறந்ததையும் சொல்லத்தானே வேண்டும். சொல்லியிருக்கிறார். பிறகு எல்லோரும் அழுது, அப்பா ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்த கதை முதல் ஒவ்வொன்றாகப் பேசி, பொழுது சாய்ந்துவிட்டதாம்.

"ஆறு மாதமாக என் முன்னால் ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை" என்றார். போகும்போது, அடுத்த முறை போறணைச் சூட்டைக் கொஞ்சம் குறைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கார்த்திகையில் ஊரில் என் அம்மா காலமானார். தந்தி கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. போக வசதியில்லை. வேலியடியில் நின்று அடுத்த வீட்டு மனுசியிடம் ஒரு வரியில் சொன்னேன், அவ்வளவுதான். இரண்டு மாதமாக நான் அழவுமில்லை.

தைப்பொங்கல் அன்று பானை வைக்காமல் குசினியில் சும்மா இருந்தேன். கதவு தட்டுப்பட்டது. சூடு ஆறாத அப்ரிகொட் பையோடு அவர் நின்றார்.

"இந்த வருடம் நீங்கள் சுடக்கூடாதல்லவா?" என்றார். பிறகு சந்தேகம் வந்தவர்போல, "நான் செய்தது சரிதானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் அம்மாவின் பெயர் என்ன?" என்று கேட்டார். அப்போதுதான் நான் அம்மாவுக்காக வாய்விட்டு அழுதேன்.

இன்றைக்கும் தெரிந்தவர் வீட்டில் சாவு நடந்த வருடம், பண்டிகை நாளில் எதையாவது சுட்டுக்கொண்டு போகிறேன். ஓரம் கருகினாலும் பரவாயில்லை, இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் மட்டும் திரும்பி வருவதில்லை.