ஒன்றை ஏழாக எழுதிய சிக்கந்தர் பாய்

சிக்கந்தர் பாய் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். அதிலிருந்து உட்கார முடியவில்லை... கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். எழுதினாலாவது கால் நிற்கிறதா பார்ப்போம்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. காரைக்குடியில் லைசென்ஸ் துப்பாக்கியும் தோட்டாவும் விற்ற ஒரு கடையில் பில் எழுதுகிற வேலை.

எழுபத்து நாலாம் வருஷம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் ஒக்கூரில் அப்பாவின் காரியம் முடிந்திருந்தது. நான் பள்ளத்தூரில் டீச்சர், வீட்டுக்கு ஒரே பெண். அப்பா விட்டுப்போனதில் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியும் உண்டு. கடலைக்காட்டில் பன்றி விரட்ட வாங்கியது.

சித்தப்பாவுக்கு அதன்மேல் கண். பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு. லைசென்ஸ் கிடையாது... கோபம் மட்டும் நிறைய.

தினமும் வந்து நிற்பார். "அண்ணன் துப்பாக்கியக் குடுங்க மதினி, தொடச்சு வைக்கிறேன்."

அம்மா அதை நெல் குதிருக்குள் இறக்கி, மேலே நெல்லைக் கொட்டி மூடிவிட்டாள். மூடிய பிறகு அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

குன்றக்குடிப் பக்கம் லைசென்ஸ் இருந்த ஒரு விவசாயி வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்து, அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தோடு கடைக்குப் போனேன்.

"துப்பாக்கி எங்க இருக்கு டீச்சர்?" என்றார் பாய்.

"வீட்ல. குதிருக்குள்ள."

பேனாவை மூடினார். "லைசென்ஸ்காரரு தவறிட்டா அது ஒங்க வீட்ல இருக்கக் கூடாது. மொதல்ல ஸ்டேஷன்ல சொல்லிட்டு எங்க கடையில ஒப்படைங்க. வாரிசு சர்ட்டிபிகேட்டு, கலெக்டர் ஆபீஸ் உத்தரவு எல்லாம் அப்புறம். வாங்க, அடுத்த பஸ்ஸுக்கே போவோம்."

வந்தார். அம்மா நெல்லை அள்ளி எடுத்துக் கொடுத்தாள். குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றி, குழலின் அடியைத் துடைத்து நம்பர் படித்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி குழல். மறுபடி புத்தகம்.

"கடைசி நம்பர் இதுல ஒண்ணு... புத்தகத்துல ஏழு."

வாசலில் சித்தப்பா. எப்போது வந்தாரோ!

"அதுக்கென்ன பாய், எங்கிட்ட அரம் இருக்கு. ஒண்ணுக்கு மேல ஒரு கோடு இழுத்தா ஏழு. துப்பாக்கி இங்குட்டே கெடக்கட்டும், நீங்க கெளம்புங்க."

நம்பர் வேறு என்றால் அது கள்ளத் துப்பாக்கி. 'ஒங்க அப்பாவோட துப்பாக்கி எங்கே?' என்று எங்களைத்தான் கேட்பார்கள். ஒரு நிமிஷம், அந்தக் கோட்டை இழுத்துவிடலாமே என்றுகூட நினைத்தேன். இன்றைக்குத்தான் இதை வெளியே சொல்கிறேன்.

பாய் கூடாது என்று தலையை ஆட்டினார். "நம்பர்ல அரம் வச்சா இவுக ரெண்டு பேரும் கோர்ட்டுல நிப்பாக. புத்தகத்துல இருக்கது என் கையெழுத்து. கடையில சேந்த புதுசுல எழுதுனது. தப்பு என்னோடது, நானே போயிச் சொல்லிக்கிறேன்."

சித்தப்பா நிலைப்படியில் கையை வைத்து மறித்தார்.

"வழிய விடுங்க தம்பி" என்றாள் அம்மா. அதுவரை அவர் முன்னால் குரலை உயர்த்தாதவள். அவர் கையை எடுத்துவிட்டார்.

ஸ்டேஷனில் ஏட்டு எங்களைப் பார்த்துக் கத்தினார். பாய் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, தவறு தன்னுடையது என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி கடைக்குப் போய் சீல் ஆனது.

அடுத்த மாதமே வரப்பில் அடிதடி.

சித்தப்பா தலையில் ரத்தத்தோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். நேராகக் குதிருக்குள் கையை விட்டுத் துழாவினார். துப்பாக்கி போய்விட்டது அவருக்கும் தெரியும். ஆனாலும்... நெல்லைத் துழாவித் துழாவி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் தலைக்குத் துணி கட்டினாள்.

ஃபைல் மதுரைக்குப் போனது. நம்ம ராமநாதபுரம் ஜில்லா கலெக்டர் ஆபீஸ் அப்போது அங்கேதான். லீவு போட்டுப் போட்டு அலைந்தேன். 'அடுத்த வாரம் வாங்க.' ஏழு மாதம்.

உத்தரவு வந்ததும் கடைக்கு ஓடினேன். பாயின் ஸ்டூலில் வேறொருவர்.

பாய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த அந்தக் கடிதத்தால் அதிகாரிகள் வந்து கடையின் எல்லா ரிஜிஸ்டரையும் புரட்டியிருக்கிறார்கள். முதலாளி மறுநாளே பாயை நிறுத்திவிட்டார். ஏழு மாதமாக எனக்கு அது தெரியாது.

விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உத்தரவைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன்.

"பேப்பர் வந்துருச்சா டீச்சர்?" என்றார், சட்டையை மாட்டிக்கொண்டே.

தன்னை வெளியே அனுப்பிய கடைக்கு என்னோடு வந்தார். குன்றக்குடிக்காரரின் லைசென்ஸில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று, நம்பரை ஒவ்வொரு இலக்கமாக மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். முதலாளி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தே மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தார்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் கேட்டேவிட்டேன். "எங்களாலதானே பாய் ஒங்க வேலை போச்சு?"

"ஒங்களால எங்க? என்னோட ஏழால" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று அன்றும் தெரியவில்லை... இன்றும்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறார்களாம். இப்போது பஸ் பிடித்தால் போய்விடலாம்.

கிளம்பிட்டேன் பாய்.