தண்ணீர் வராத கம்ப்ரசர்

கணினித் திரையில் நான் சுட்டுக் கொன்றவர்களுக்குக் கணக்கே கிடையாது. நிஜத்தில் ஒரே ஒரு ஆளின் கையைத்தான் உடைத்திருக்கிறேன். என் அக்கா புருஷனுடைய வலது கை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே. எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது, ஏனென்றால் அப்போது நான் ஹெட்போன் போட்டிருக்கவில்லை. இன்றைக்கு என் அக்கா உயிரோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அதற்குக் காரணம் என் லேப்டாப்பில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடியதுதான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குப் போகிற பாதையில், கரும்புக் கொல்லையை ஒட்டி இருக்கிறது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் நானும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு. கூப்பிடு தூரத்தில் பெண் இருக்கிறாள் என்று அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை. மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு போர்க் கிணறு, அதற்கு ஒரு கம்ப்ரசர், அதைப் போடுகிற சுவிட்ச் வீட்டுக்குள். பாதாளத்தில் கிடக்கும் தண்ணீரைக் காற்றை அடித்து மேலே தள்ளுகிற இயந்திரம் அது. போட்டால் தெருவே அதிரும். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் காதோரம் போய்க் கத்த வேண்டும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்திலும் கண்டன்சரை மாட்டி அதைத் திருட்டுத்தனமாக ஓட்டுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் வழக்கம். அப்படி ஓட்டினால் அக்கம்பக்கத்து வீடுகளில் வோல்டேஜ் படுத்துவிடும். மின்விசிறி சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். எல்லோர் முன்னிலையிலும் என்னை முட்டாள் என்ற மேலதிகாரியின் மேசையில் சூடான டீயைக் கவிழ்த்துவிட்டு ஊருக்கு வந்தேன். கோபம் எனக்குக் கூடப்பிறந்தது. அதை வைத்துத்தான் பிழைப்பும் நடந்தது: துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுவேன், ஆடுவதை அப்படியே நேரலையில் விடுவேன், பதிவும் செய்துகொள்வேன். பார்க்க வருகிறவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதில்லை, நான் திட்டுவதைக் கேட்க வருகிறார்கள். தலையில் சுட்டுச் சாய்த்துவிட்டு, "போய்ப் படுடா, உங்க ஆயா வந்து தாலாட்டுவாங்க!" என்று கத்துவேன். "சிஸ்டர், இன்னொரு தபா திட்டுங்க" என்று எழுதுவார்கள்.

அந்தக் கோடையில் சனியன் பிடித்தது. பொழுது சாய்கிற நேரம் வந்தால் படம் தடுமாறும். ஒரு நொடிக்கு அறுபது படம், அதாவது அறுபது ஃபிரேம், ஓட வேண்டிய இடத்தில் பதினைந்துகூட ஓடாது. எதிரி தூரத்தில் மரத்தடியில் நிற்பான். அடுத்த படத்தில் என் கழுத்தில் கத்தியோடு இருப்பான். நடுவில் அவன் ஓடி வந்ததை என் லேப்டாப் விழுங்கிவிட்டது. செத்தேன், செத்தேன், மறுபடி செத்தேன். ஒரு மவுஸைச் சுவரில் அடித்து உடைத்தேன். கீபோர்டில் குத்திய குத்தில் இரண்டு பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கடியில் போயின. அம்மா வாசற்படியில் நின்று, "இன்னாடி, பேய் கீய் புட்ச்சிக்கிச்சா? ஏசப்பா, இந்தப் பொண்ணுக்கு நல்ல புத்தி குடு" என்பாள்.

நானும் என்னென்னவோ செய்தேன். விளையாட்டில் நிழலை நிறுத்தினேன், புல்லை நிறுத்தினேன், படத்தின் அளவைக் குறைத்தேன். பதிவு செய்கிற வேலையைப் பிராசசரிடமிருந்து பிடுங்கி கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் கட்டினேன். லேப்டாப் முதுகைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் ஃபேனில் அப்பியிருந்த தூசியைச் சுரண்டி எடுத்தேன். காற்று போகட்டும் என்று இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தேன். ஒன்றும் வேலைக்காகவில்லை. காலையில் ஆடினால் தங்கம்போல் ஓடும். சாயங்காலமானால் சாகும், அதுவும் எல்லா நாளும் இல்லை.

கடைசியில் ஒருநாள் விளையாட்டைத் திரை முழுக்க வைக்காமல் சின்னதாக வைத்து ஆடியபோதுதான் மூலையில் இருக்கும் பேட்டரிப் படம் கண்ணில் பட்டது. சார்ஜர் மாட்டியிருக்கிறது, ஆனால் மின்சாரம் வரவில்லை என்றது. பார்த்தால் எங்கள் பழைய ஸ்டெபிலைசரில் சிவப்பு விளக்கு. வோல்டேஜ் படுத்ததும் அது லைனைத் துண்டித்துவிடுகிறது. லேப்டாப் பேட்டரிக்குத் தாவுகிறது. பேட்டரியில் அரை உயிரோடுதான் ஓடும், ஃபிரேம் விழுகிறது. வெளியே கம்ப்ரசர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அட பாவி மனுஷா, நீதானா! வேலியோரம் ஓடிப்போய்க் கத்தினேன்.

"மாமா! மோட்டார நிறுத்துங்க! என் கேம் பூராவும் கெடுது!"

அவர் மோட்டார் கொட்டகைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, வேலியருகே வந்து காதைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"நிறுத்தறேன், நிறுத்தறேன். இன்னும் கொஞ்சம் வேல கீது."

"உங்க போர்லதான் தண்ணியே இல்லியே மாமா!"

"சாயங்காலத்துல ஊறும். ஓட்டிப் பாத்தாத்தான தெரியும்?"

நியாயமான பதில்தான். அந்தக் கோடையில் அக்கா எங்கள் வீட்டுக் குழாயில்தான் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போனாள். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். கேட்டால், "கொசு கடிக்குதுடி" என்றாள். பகலில் ஏது கொசு?

மாமா நிறுத்தப்போவதில்லை என்று தெரிந்ததும் லேப்டாப்பின் சுமையைக் குறைக்கிற வழியைத் தேடினேன். என் மைக்கில் சத்தத்தை வடிகட்டுகிற ஒரு வசதியைப் போட்டு வைத்திருந்தேன். என் குரலை மட்டும் விட்டுவிட்டு நாய், சேவல், டிராக்டர், கம்ப்ரசர் என்று சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதுவும் பிராசசரைத் தின்கிறது என்று எங்கேயோ படித்தேன். பேட்டரியில் ஓடும்போதாவது நான்கு ஃபிரேம் ஜாஸ்தி கிடைக்கட்டும் என்று அதை அணைத்தேன். புழுக்கம் தாங்காமல் ஜன்னலையும் திறந்து வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நல்ல ஆட்டம். ஒரு கட்டிடத்துக்குள் புகுந்து படிக்கட்டில் வந்த நாலு பேரையும் வரிசையாகச் சாய்த்தேன். காது முழுக்கக் குண்டுச் சத்தம். அப்போது திரையோரம் பார்வையாளர்கள் எழுதுகிற பெட்டியில் யாரோ எழுதினார்கள்: "சிஸ்டர், உங்க வூட்ல யாரோ அழறாங்க."

"டேய், அது கம்ப்ரசர்டா! காதுல இருக்கற பஞ்ச எடுத்துட்டுக் கேளு!" என்று கத்திவிட்டு ஐந்தாவது ஆளைத் தேடினேன்.

"இல்ல சிஸ்டர். பொம்பள கொரலு. மோட்டார் சத்தம் வர்றதுக்கு முன்னாடி கேட்டுச்சு."

இன்னொருவர் எழுதினார்: "ஆமா. 'வேணாங்க வேணாங்க'ன்னாங்க."

ஃபிரேம் விழுந்துகொண்டே இருந்தது. என்னைச் சுட்டார்கள். விழட்டும், சுடட்டும். ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். வெளியே கம்ப்ரசரைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பதிவை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, சத்தத்தை முழுக்க ஏற்றிப் போட்டுக் கேட்டேன். என் சொந்தக் கூச்சலுக்கு அடியில் ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு சப், சப் என்று எதுவோ விழுகிற சத்தம். பிறகு என் அக்கா.

"வேணாங்க... அம்மாக்குக் கேட்டுறப் போவுது..."

"கேட்டாத்தானடி?"

உடனே கம்ப்ரசர் கிளம்பியது. அதே இடத்தில் திரையில் ஃபிரேம் விழுந்தது.

தண்ணீர் இல்லாத போருக்கு எதற்குக் கம்ப்ரசர் என்று இப்போது புரிந்தது. கோடை முழுக்க ஃபிரேம் விழுந்த ஒவ்வொரு சாயங்காலமும் என் அக்கா அடி வாங்கியிருக்கிறாள். நான் மாட்டிய வடிகட்டி கம்ப்ரசரோடு சேர்த்து அவளையும் துடைத்துப் போட்டிருக்கிறது. இந்த நிமிடமும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் ஓடுவதைப் பார்த்து அம்மா அடுப்படியிலிருந்து, "போவாதடி! உன் கால்ல விழறேன், போவாத!" என்று கத்தினாள். வேலி முள் காலைக் கிழித்தது. அவர்கள் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. குத்தினேன், உதைத்தேன், அந்த இரைச்சலில் என் உதை எனக்கே கேட்கவில்லை. நேரே மோட்டார் கொட்டகைக்கு ஓடிப் மின்சாரப் பலகையிலிருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். கம்ப்ரசர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மறு நொடி அக்காவின் அலறல் தெரு முழுக்கக் கேட்டது. அதுவரை அந்தத் தெருவுக்கு அது கேட்டதில்லை. எதிர்வீட்டில் பேச்சு நின்றது. மாடு கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

கதவைத் திறந்துகொண்டு அவன் வந்தான். கையில் கம்ப்ரசரின் தேய்ந்துபோன பழைய பெல்ட், கறுப்பு ரப்பர், இரண்டாக மடித்துப் பிடித்திருந்தான்.

"எவடி அவ, பீஸப் புடுங்கினது?"

"நாந்தான்டா," என்றேன். "தண்ணி எங்கடா? இவ்ளோ நாளு ஓட்டினியே, ஒரு சொட்டு தண்ணி காட்டுடா, பாக்கலாம்!"

பெல்ட் என் கன்னத்தில் விழுந்தது. காதுவரை தீப்பிடித்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது என் கை கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த பைப் ரெஞ்சைத் தொட்டது. எடுத்தேன், அடித்தேன். முறிந்தது. பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அம்மா அம்மா என்று அலறினான். நல்லா அலறு, உனக்கு மோட்டார் போட இங்கே ஆளில்லை என்று நினைத்தேன். மறுபடி ஓங்கிய என் கையை எதிர்வீட்டுக்காரர் வந்து பிடிக்காமலிருந்தால் தலையிலும் போட்டிருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அக்காவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். விலா எலும்பில் ஆறிப்போன முறிவும் இருக்கிறது, புது முறிவும் இருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் ஒரு அடி சரியான இடத்தில் விழுந்திருந்தால் தூக்கிக்கொண்டு வர வேலையே இருந்திருக்காது என்றும் சொன்னார். வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி. அந்த மோட்டாரு சத்தம் கேக்கறப்பல்லாம் முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கினுதான் இருந்தேன்."

"தெரியுமா? தெரிஞ்சிக்கினே குந்தினு இருந்தியா?"

"அவதான் சத்தியம் வாங்கிட்டா. தங்கச்சிக்குத் தெரிஞ்சா அவன வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் பூடுவா, சொல்லாதம்மான்னா."

என் கோபத்துக்குப் பயந்து என் அக்கா அவன் கோபத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். அம்மாமேல் விழுந்து அழுதேன், அவளை அடிக்கவும் செய்தேன்.

சமாதானம் பேச அவன் ஆட்கள் வந்தார்கள். புருஷன் பொண்டாட்டி சண்டை, பொம்பளை ஆயுதம் எடுக்கலாமா என்றார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பதிவைப் போட்டேன். பெரியவர் ஒருவர், "சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணும்மா" என்றார். ஏற்றினேன். எழுந்து போய்விட்டார்கள். அவன் என்மேல் கொடுத்த கேஸும் நாங்கள் அவன்மேல் கொடுத்த கேஸும் நடந்துகொண்டிருக்கின்றன. ரெஞ்சைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. உடம்பு தேறியதும் அக்கா சந்தையில் புதிதாக ஒன்று வாங்கிவந்து கதவோரம் வைத்தாள். எதற்கு என்றேன். "கொழா ரிப்பேருக்கு" என்றாள்.

இப்போது அக்கா எங்களோடு இருக்கிறாள். அந்தப் பக்கத்துக் கம்ப்ரசர் துருப்பிடிக்கிறது. என் லேப்டாப்பும் பெரும்பாலும் அறுபதில் ஓடுகிறது. எப்போதாவது தெருக்கோடியில் வேறு யாராவது கம்ப்ரசர் போட்டால் ஃபிரேம் விழும். விழுந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்துவிடுவேன். திரையில் என் ஆள் மரம்போல் நின்று குண்டடிபட்டுச் சாவான், பார்க்கிறவர்களுக்குப் பழகிவிட்டது. சத்தம் வரும் வீடுவரை நடந்து, குழாய் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அக்கா வாசலிலேயே நிற்பாள்.

"தண்ணி வருதா?"

"வருதுக்கா. ரொம்பி வருது."

அவள் உள்ளே போய்விடுவாள். இப்படித்தான் வழக்கமாக நடக்கும். போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் ஓடினேன்.

"தண்ணி வருதா?"

"வர்லக்கா."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். கதவோரம் இருந்த ரெஞ்சை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

"நீ போய் பீஸ் கட்டையப் புடுங்கு," என்றாள். "கதவ நான் பாத்துக்கறேன்."