ரேடியோ ஊமையான மத்தியானம்

பெரியப்பாவின் ரேடியோ சூடேறும்போது ஒரு வாசனை வரும். வெயிலில் கிடந்த கம்பளியை மடிக்கையில் எழும் வாசனையோடு கொஞ்சம் அரக்கும் உருகினாற்போல இருக்கும். அது வந்த பிறகுதான் குரல் வரும். மைசூரில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் ரேடியோ என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. அதற்கு வெல்வெட்டில் ஓர் உறை உண்டு, "ரேடியோ சொக்காய்" என்போம். மத்தியானச் செய்திக்கு முன்னால் அந்தச் சொக்காயைக் கழற்றி மடித்து வைப்பது ஒன்பது வயசுக்காரியான என் வேலை; பெட்டியின் திருகைத் தொடும் அதிகாரம் பெரியப்பாவைத் தவிர யாருக்கும் கிடையாது.

அது சண்டைக் காலம். பெரியப்பாவின் ஒரே பிள்ளை, நாங்கள் ரங்கூன் அண்ணா என்று கூப்பிடுகிறவன், அந்த ஊரில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான். அங்கே குண்டு விழ ஆரம்பித்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி கடிதாசு இல்லை. ஆகவே செய்தி நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

அன்றைக்குப் பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ரேடியோவில் வீணை போய்க்கொண்டிருந்தது, அது முடிந்தால் செய்தி. கூடத்தில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் தலையில் தூசி தெரிந்தது, என் பாவாடை ஓரத்தால் துடைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. வீணை யாரோ தூக்கிக்கொண்டு தூரமாய்ப் போவது போல மெலிந்து மெலிந்து, கடைசியில் பெட்டி ஊமையாகிவிட்டது, இரைச்சல்கூட இல்லை. ஊர்ப் பெரிய கடியாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது, நான் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தேன், கன்னத்தில் பளீரென்று ஒன்று விழுந்தது.

"என்னத்தைடி திருகித் தொலைச்சே?"

"நான் திருகலை பெரியப்பா. தூசிதான் துடைச்சேன்."

"வாயைப் பாரு! சும்னே இரு!" பேசாமல் இரு என்று கன்னடத்தில் ஓர் அதட்டல்.

பெரியப்பா திருகினார், முதுகில் தட்டினார், கம்பியை ஆட்டினார். அரைமணி கழித்துப் பெட்டி தானாகவே பேசிற்று, செய்தி போயே போய்விட்டிருந்தது. "நான் தட்டினதுல சரியாயிடுத்து" என்று அவர் கூடத்தில் சொன்னது சமையலறை வரை கேட்டது. அங்கே அம்மா என் முகத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "தொட்டிருந்தா தொட்டேன்னு சொல்லிடேன்டி. பிள்ளையைப் பத்தி ஏதாவது வராதான்னு தவிக்கிறவர், பாவம்." அடியின் எரிச்சல் அன்றைக்கே ஆறிவிட்டது. பெற்றவளும் நம்பவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

எங்கள் மாடி அறையில் காலேஜில் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் குடியிருந்தார். கன்னட வழக்கப்படி "மேஷ்ட்ரு" என்று கூப்பிடுவோம். தினம் காலையில் பித்தளைத் தூரக்கண்ணாடி ஒன்றை மொட்டைமாடியில் சூரியனுக்கு நேராக நிறுத்துவார், ஆனால் அதன் வழியாகப் பார்க்க மாட்டார், கண் போய்விடும். பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் சூரியன் அதில் தோசையளவு வந்து விழும். அன்று காலை அதன் நடுவில், கருகின மிளகாய் விதைகளை இறைத்தாற்போலப் புள்ளிகள் இருந்ததை நானே பார்த்தேன். பூமியைத் தூக்கி அந்தப் புள்ளி ஒன்றுக்குள் போட்டால் காணாமற் போய்விடும் என்று மேஷ்ட்ரு சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அவர் வந்ததும் பெரியம்மா சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்துகொண்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"அறை எப்போ விழுந்தது, மகு?" குழந்தை என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நன்னா இருக்கு போங்கோ! அடிபட்ட குழந்தைக்கு மருந்து கேப்பாளா, மணி கேப்பாளா?" என்றாள் பெரியம்மா.

"ஏழு அடிச்சப்புறம், எட்டு அடிக்கறதுக்கு முன்னாடி," என்றேன் நான். "பெட்டி அதுக்கும் முன்னாடியே, முதல் மணிக்கு முன்னாடியே நின்னுடுத்து."

எழுதிக்கொண்டார். கீழே என் பெயரைப் போடச் சொன்னார். இரண்டாம் கிளாஸோடு நின்றவள் நான், கோணலும் மாணலுமாகப் போட்டேன். பிறகு பெரியப்பாவிடம் சொன்னார்: தூரத்து ரேடியோ அலை ஆகாசத்தின் மேல்தட்டில் பட்டுத்தான் இறங்கி வருகிறது, சூரியப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நெருப்பு சீறினால், வழியிலே ஒரு திரை கனத்து அலையை விழுங்கிவிடும்.

"சூரியன் வந்து என் ரேடியோவை அணைச்சானா! அப்போ அவனுக்கும் ஒண்ணு விடட்டுமா, மேஷ்ட்ரு?" என்றார் பெரியப்பா. கூடமே சிரித்தது. எனக்கு இரண்டாவது அறை அதுதான்.

அந்தச் சீற்றம் தன் கண்ணாடிக்கு அகப்படாது என்றார் மேஷ்ட்ரு. சூரிய வெளிச்சத்தில் ஒரே ஒரு சிவப்பை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம், அதற்கான கருவி கொடைக்கானல் மலையில் சூரியனை ஆராய்கிற இடத்தில் இருக்கிறதாம். நாளையும் மணியையும் போட்டு அங்கே ஒரு கடிதாசு எழுதினார். அதற்கப்புறம் தபால்காரன் வரும்போதெல்லாம் வாசலுக்கு இரண்டு பேர் ஓடினோம்: ரங்கூன் கடிதாசுக்குப் பெரியப்பா, மலைக் கடிதாசுக்கு நான்.

மூன்று வாரம் கழித்து என்னுடையதுதான் முதலில் வந்தது. அந்த நாள், பன்னிரண்டுக்குச் சில நிமிஷம் முன்னால், அந்தப் புள்ளிகளை ஒட்டி ஒரு பெரிய சுடர் தெரிந்தது, ஒரு மணிக்குள் அடங்கிற்று என்று எழுதியிருந்தார்கள். பெரியப்பா அதை வாங்கி இரண்டு தரம் படித்தார், மடித்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் நான் சொக்காயை மடித்துவிட்டு வழக்கம்போல எட்டப் போய் நின்றேன். பெரியப்பா அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துத் திருகின்மேல் வைத்து, "இனிமே நீயே திருப்புடி," என்றார்.

ரங்கூன் அண்ணா அந்த வருஷ ஆடியில் பர்மாக் காடெல்லாம் நடந்தே கடந்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அதுவரை தினம் நான்தான் செய்தி பிடித்தேன்.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. அந்த ரேடியோவும் இல்லை, மேஷ்ட்ருவின் நோட்டும் எங்கே போயிற்றோ தெரியாது. சூரியனை இப்போது ஆகாசத்திலேயே சுற்றும் யந்திரங்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றனவாம், சுடர் கிளம்பின சற்று நேரத்துக்கெல்லாம் உலகத்துக்கே தெரிந்துவிடுகிறதாம், என் பேத்தி சொல்கிறாள். நல்லதுதான். கல்யாணமாகிப் போன வீட்டிலும் அதற்கப்புறமும், நான் செய்யாததற்கெல்லாம் எத்தனையோ பழி என் தலையில் விழுந்திருக்கிறது. அவை எதற்கும் மலையிலிருந்து கடிதாசு வரவில்லை.