கரியாலூரில் இரண்டு பாட்டுக்காரிகள்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். ஐப்பசி மாதம். ஜன்னல் கம்பியில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. பையில் ஒரு மாற்றுப் புடவை, குடை, நோட்டு, முழுக்க சார்ஜ் ஏற்றிய கைப்பேசி.

சிறுபத்திரிகை ஒன்றில் மாதம் ஒரு பக்கம் எழுதுகிறேன். தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பாடும் பெண்களைப் பற்றிய பக்கம் அது. அடுக்ககத்துப் பால்கனியில் கிட்டாரோடு பாடும் பெண், அலுவலகம் போகும் வழியில் காருக்குள்ளேயே மெட்டுப் போடும் பெண், இப்படி ஆறு வருடங்களாக எழுதிவருகிறேன். அத்தனை பேரையும் நாற்காலியை விட்டு எழாமலே கேட்டுவிட்டேன். இந்தத் தடவை பஸ் ஏற வேண்டியதாயிற்று. காரணம், பாடியவரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

பாட்டை எனக்கு அனுப்பியவர் என் நாத்தனார். கீழே ஒரு குறிப்பு இருந்தது: ‘பழைய நாட்டுப்புறப் பாட்டு. எழுதியவர் தெரியவில்லை.’ பாட்டு இப்படித் தொடங்கும்:

மலையேறி வர்ற பஸ்ஸே, மூச்சு வாங்கி நில்லு
மணிக்கணக்கா நிக்கறனே, கோவம் இன்னா, சொல்லு

பஸ் வருகிற பாட்டு எவ்வளவு பழசாக இருந்துவிட முடியும்? இதைக் கட்டியவள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று முதல் தடவை கேட்டபோதே தோன்றியது. மெல்லிய, உயர்ந்த குரல். ‘மலையேறி’ என்ற சொல்லில் நிஜமாகவே மேடு ஏறுவதுபோல இழுத்து, ‘நில்லு’வில் சட்டென்று நிறுத்துகிறாள். நிற்காமல் போன காதலனிடம் பேசுகிற தோரணையில் ஒரு பஸ்ஸிடம் பேசுகிறாள். நான்கு வரி முடிந்ததும் வேறொரு குரல் நுழைகிறது. தடித்த, சிரிப்பு கலந்த குரல். பின்னால் மண்வெட்டிச் சத்தம். இந்தக் குரல் பஸ்ஸாக மாறிப் பதில் சொல்கிறது:

கைநீட்டி நின்ன பொண்ணே, கண்ணு கலங்காத
கண்டக்டர் தூங்கிட்டாரு, என்னத் திட்டாத

இதைப் பற்றி எழுதியதும் சின்னசேலத்திலிருந்து ஒரு வாசகி பேசினார். தையல்காரர். இரண்டாவது குரல் தன்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் அஞ்சலையுடையது, ஊர் நைனார்பாளையம் என்று சொன்னார்.

காலை 10.20. விருத்தாசலத்தில் பஸ் மாறி நைனார்பாளையத்தில் இறங்கினேன். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து எண்பத்திரண்டு ரூபாய். டீ பத்து ரூபாய். டீக்கடைக்காரரிடம் பாட்டுப் பாடும் அஞ்சலை என்றதும், எந்த நிலத்தில் இன்று களையெடுப்பு என்பதுவரை சொன்னார். ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன். முழங்கால் உயர மக்காச்சோளத்துக்கு நடுவே பதினோரு பெண்கள் குனிந்திருந்தார்கள். பாட்டுச் சத்தம் வரும் வரிசையைப் பார்த்துப் போனேன்.

அஞ்சலைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கூலி வேலைதான், சொந்த நிலம் கிடையாது. வேலை முடியும்வரை வரப்பில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்த நான்கு மணி நேரத்தில் பாட்டு நிற்கவே இல்லை. அளவு தப்பிய ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று, மோட்டார் போட்டதும் போய்விடும் கரண்டைப் பற்றி ஒன்று, மாமியார் கட்டிக்கொண்ட புதுப் பல்லைப் பற்றி ஒன்று. கடைசிப் பாட்டுக்கு அந்த மாமியாரே இரண்டு வரிசை தள்ளி நின்று பின்பாட்டுப் பாடினார். மெட்டும் வரிகளும் எல்லாம் அஞ்சலையுடையவை. எதையும் எழுதிவைத்ததில்லை. களைக்கொத்து விழும் கணக்குக்குச் சொல் விழ வேண்டும். விழாத சொல்லைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றார்.

பஸ் பாட்டைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு குறைந்தது. போன வருடம் மரவள்ளி பிடுங்க மலையிலிருந்து வந்த பெண்களில் ஒருத்தி கைப்பேசியில் முதல் பாதியைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். பாடியவள் பெயர் அவளுக்கும் தெரியவில்லை. கரியாலூர்ப் பக்கம் அருவிக்கிட்டே ஞாயிற்றுக்கிழமையில் கிழங்கு விற்கிறவள் என்று மட்டும் சொன்னாளாம். அஞ்சலை சும்மா விளையாட்டாகப் பதில் பாட, பக்கத்தில் இருந்தவர்கள் பதிவு செய்து இரண்டையும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பிறகு அது சுற்றாத ஊரில்லை.

“அவ பாட்டுக்குள்ள நா பூந்துட்டன். அவ இன்னா நெனச்சிக்கினு இருக்காளோ, தெரியலிங்க” என்றார் அஞ்சலை. கொஞ்ச நேரம் கழித்து, மறுநாள் நான் மலைக்குப் போவதாக இருந்தால் தானும் வருவதாகச் சொன்னார். நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டுமாம். அவர் கணவர் கொத்து வேலைக்குப் போகிறவர். போய் வரச் சொன்னார். திட்டு விழுந்தால் அதையும் பாட்டாகக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன்.

ஞாயிறு காலை 6.40. சின்னசேலத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து கள்ளக்குறிச்சி. பஸ் நிலையத்தில் இட்லி நாலு, முப்பத்திரண்டு ரூபாய். எட்டரைக்கு மலைக்குப் போகும் தனியார் பஸ். ஆளுக்கு முப்பத்தைந்து. கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணையின் நீர் பக்கவாட்டில் மின்னியது. அதன் பிறகு வளைவுகள். இரண்டு பக்கமும் மழையில் கழுவிய மூங்கில். அஞ்சலை பிறந்ததிலிருந்து தினமும் இந்த மலையைத் தூரத்து நீலமாகப் பார்த்தவர். ஏறுவது இதுதான் முதல் தடவை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாட்டுல சொன்னது சரிதாங்க. மெய்யாலுமே மூச்சு வாங்குது” என்றார் ஒருமுறை.

10.15. கரியாலூருக்கு முன்னால் சாலையோரம் விழும் பெரியார் அருவியில் இறங்கினோம். நல்ல நீர். நாலைந்து கார்கள், ஒரு வேன். பாட்டுப் பாடும் பெண் என்று விசாரித்ததற்கு எல்லோரும் புரியாமல் பார்த்தார்கள். கிழங்கு விற்கும் பெண் என்றதும் கையைக் காட்டினார்கள்.

மல்லிகா என்று பெயர். நாற்பது வயதுக்குள். தார்ப்பாயின் கீழ் அடுப்பு, அண்டாவில் வேகும் மரவள்ளிக் கிழங்கு, தட்டு இருபது ரூபாய். மேலே இரண்டு ஏக்கர் காடு இருக்கிறது, சாமை போட்டிருக்கிறார். நான் பத்திரிகை, பாட்டு என்று ஆரம்பித்ததும் முகம் இறுகிவிட்டது. இப்போதெல்லாம் பாடுவதில்லை என்றார். என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்து, அதை உள்ளே வைக்கச் சொன்னார். வைத்தேன். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்தது இதற்குத்தானா என்று உள்ளுக்குள் ஓடியது.

அப்புறம்தான் காரணம் தெரிந்தது. கீழே ஓர் ஊர்த் திருவிழாவில் மேடையில் இந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடினார்களாம். கூட்டத்தில் நின்றிருந்த மல்லிகா, மைக் பிடித்தவரிடம் போய் இது தன் பாட்டு என்று சொல்லியிருக்கிறார். “ஒங்க ஆயா காலத்துப் பாட்டும்மா இது, போம்மா” என்று அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, மல்லிகா கிழங்கைத் திருப்பிப் போட்டார்.

இவ்வளவு நேரமும் என் பின்னால் நின்ற அஞ்சலை முன்னால் வந்தார். “யக்கா, அந்தப் பாட்டுல பஸ்ஸு மாதிரி பேசினது நாந்தான். கேக்காம பாடிட்டன். தப்புதான்” என்றார்.

மல்லிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“தப்புதான்” என்றார் மல்லிகா. “கண்டக்டர் எங்க தூங்கறாரு? எங்க ஸ்டாப்பிங்கு மேடு. அங்க நின்னா வண்டி பின்னால உருண்டுடும். அதனாலதான் நிக்கறதில்ல. அவரு மேல ஏன் பழியப் போட்ட?”

அஞ்சலையின் உதடு அசைந்தது. வலது கை, களைக்கொத்து பிடித்திருப்பதுபோல, மேலும் கீழும் போனது. பிறகு பாடினார்:

கைநீட்டி நின்ன பொண்ணே, கண்ணு கலங்காத
காலெடுத்தா உருண்டுடுவன், என்னத் திட்டாத

மல்லிகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் அடங்கவில்லை. டிரைவர் பிரேக்கிலிருந்து கால் எடுத்தால் உருண்டுவிடும் பஸ், அந்த வெட்கத்தைக் காதலியிடம் ஒத்துக்கொள்ளும் பஸ். இதைவிட நல்ல பதில் அந்தப் பாட்டுக்குக் கிடைத்திருக்காது. ‘க’வுக்கு ‘க’ விட்டுப்போகவில்லை, சொல்வது உண்மையாகவும் ஆகிவிட்டது. பாட்டு இலக்கணம் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியதை அடுப்பங்கரையில் ஒரு நிமிடத்தில் செய்து காட்டினார்கள்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் நான் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். அடுத்த வரி மல்லிகா, அதற்கடுத்தது அஞ்சலை. இடையில் கிழங்கு விற்பனையும் நடந்தது. மிளகாய்ப்பொடி தூவும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பாடுவதை நிறுத்தினாரே தவிர கட்டுவதை மல்லிகா நிறுத்தியிருக்கவில்லை. காட்டில் கிளி விரட்டும்போது மனசுக்குள் சேர்த்துவைத்த பாட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தினம் ஒரு பக்கம் மட்டும் சிக்னல் தரும் செல்போன் டவரைப் பற்றிய பாட்டும், தன்னைவிட அழகாக மருதாணி வைக்கும் மகளைப் பற்றிய பாட்டும் எனக்கு மிகவும் பிடித்தன. மகள் பாட்டை அவர் தாழ்ந்த குரலில், அருவிக்கு மேலே போகாமல் பாடினார். வேனில் வந்தவர்கள் ஈரத் துணியோடு வட்டமாக நின்று கேட்டார்கள். யாரோ கைப்பேசியை உயர்த்த, மல்லிகா பாட்டை நிறுத்தினார். கைப்பேசி கீழே இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

பகல் 1.30. திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி. மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, கைப்பேசியை இப்போது எடுக்கச் சொன்னார். பஸ் பாட்டை மட்டும் பதிவு செய்யலாம், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் முதலில் தான் பேச வேண்டும் என்றார். நான் பொத்தானை அழுத்தினேன். அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

“எம் பேரு மல்லிகா. கரியாலூர்ப் பக்கம். இது நா கட்டின பாட்டு.” பக்கத்தில் திரும்பி, அஞ்சலையை முழங்கையால் இடித்தார். “பஸ்ஸு பேசறது எல்லாம் இவ கட்டினது. நீயே சொல்லு.”

அஞ்சலை தன் பெயரையும் ஊரையும் சொன்னார். இருவரும் பாட ஆரம்பித்தார்கள்.

2.05. பஸ் இறக்கத்தில் வந்ததால் நன்றாகவே நின்றது. ஏறும்போது மல்லிகா இருவருக்கும் இலையில் கிழங்கு மடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. தைப்பொங்கல் கழிந்ததும் நைனார்பாளையத்துக்கு வருவதாகவும், பாட்டில் கேட்ட அந்த மாமியாரின் பல்லைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். வழியெல்லாம் அஞ்சலை ஒரே வரியை மாற்றி மாற்றி முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கச்சிராயபாளையம் வரும்போது அது பிடிபட்டுவிட்டது போலும். சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனார்.

எங்கள் சிதம்பரத்தில் கச்சேரி கேட்டு வளர்ந்தவள் நான். அங்கே கீர்த்தனையின் கடைசி அடியில் இயற்றியவர் தன் பெயரைப் பதித்துவைத்திருப்பார். பாடுகிறவர் அதை அழுத்திப் பாடுவார், சபை தலையசைக்கும். எத்தனையோ தலைமுறையாக அந்தப் பெயர்களை யாரும் உதிர்த்துவிடவில்லை. பஸ் பாட்டுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அதனால் முன்னாலேயே சொல்லிவிட்டுப் பாடுகிறார்கள்.

பதிவு மொத்தம் மூன்று நிமிடம். வேண்டுகிறவர்கள் எழுதினால் அனுப்பிவைக்கிறேன். நேரில் கேட்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பகலில் அருவிக்குப் போங்கள், கிழங்கும் நன்றாக இருக்கும். மற்றவர்களுக்கு அனுப்பும்போது ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தொடக்கத்தில் இரண்டு பெண்கள் தங்கள் பெயர் சொல்லும் பத்து நொடி வருகிறது. பாட்டு சீக்கிரம் தொடங்கட்டும் என்று அதை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். பாட்டு அங்கேதான் தொடங்குகிறது.