செல்வி தாண்டிய வாசற்படி

செல்வி, நம் வீட்டு வாசற்படி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் தேய்ந்து பள்ளமான மரக்கட்டை. கிண்டியில் வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே தேனாம்பேட்டை வந்து இறங்குவேன். கால் வீங்கியிருக்கும். அந்தப் படியைத் தாண்டத்தான் மனசு வருவதில்லை. வெளியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

தங்கச்சி, நீ பிறந்தபோது துணி மாதிரி துவண்டு கிடந்தாய். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் நழுவி நழுவி இறங்குவாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது நிற்கவில்லை. "எல்லாம் லேட்டாத்தான் வரும்மா" என்றது மட்டும் புரிந்தது. உன்னைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன்.

பிள்ளை தவழ்ந்து படி தாண்டினால் வெல்லக் கொழுக்கட்டை செய்து வீட்டுக்கு வீடு கொடுப்பது நம் தெரு வழக்கம். உன் வயசுப் பிள்ளைகள் எல்லாம் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு தட்டு வரும்போதும் அம்மா வாங்கி வைப்பாள், தின்ன மாட்டாள். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தருகிற டீச்சரம்மா அதைப் பார்த்துத் திட்டினார். "இடுப்புலயே வச்சிருந்தா குழந்தைக்குத் தரை எப்படிம்மா தெரியும்? கீழ விடு."

அதற்கப்புறம் தினமும் பழைய புடவையைச் சுருட்டி உன் நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறப் படுக்கவைப்போம். புளியங்கொட்டை போட்ட டப்பாவை உன் முன்னால் ஆட்டுவேன். தலையைத் தூக்குவாய், மூச்சு வாங்கும், கன்னம் தரையில் விழும். மறுபடியும் தூக்குவாய். உனக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு. நைனா வேலைவிட்டு வந்து, "இன்னா செல்வி, ஊரு சுத்தக் கெளம்பிட்டியா?" என்பார். நாக்கு நுனி தெரியச் சிரிப்பாய். ரொம்ப நாள் கழித்து உட்கார்ந்தாய். அப்புறம் வயிற்றால் நகர்ந்தாய்.

ஒரு சாயங்காலம் உன்னை வெளியே பாயில் விட்டிருந்தோம். அம்மா உள்ளே ரேஷன் அரிசி களைந்துகொண்டே என்னைக் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு நீ திரும்பினாய். டப்பாவை ஆட்டினேன், பார்க்கவே இல்லை. படியில் வயிற்றைப் போட்டு, காலைத் தவளை மாதிரி உதைத்து, தொப்பென்று உள்ளே விழுந்தாய். அழவில்லை.

எதிர்வீட்டுச் சித்தி பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, தலைகீயா கீது! வெளிய போனாத்தான் கொயக்கட்டை. உள்ள வந்தா கணக்குல சேராது."

அம்மா ஈரக்கையோடு உன்னை அள்ளிக்கொண்டாள். "போடி! உம் பசங்க ஊரு சுத்தப் போச்சுங்க. எம் பொண்ணு வூட்டுக்கு வந்துக்கீது."

அன்றைக்கே மாவு பிசைந்தாள். முதல் தட்டு அந்தச் சித்திக்குத்தான் போனது. அம்மாவும் ஒன்று எடுத்துத் தின்றாள்.

அந்த மார்கழியில் உனக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. பிறந்ததிலிருந்தே பலமில்லாத இதயம், தாங்கவில்லை. நைனா உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தப் படியைத் தாண்டிப் போனார். வெளிப்பக்கமாக நீயாக அதை ஒருநாளும் தாண்டியதில்லை, செல்வி.

இன்றைக்கும் படிக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அம்மா அரிசி களைகிற சத்தம் கேட்கிறது. இதைப் படிக்கிறவர்கள் சாமி கும்பிடும்போது என் தங்கச்சியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த குரல் கேட்டால்தான் அவள் நகர்வாள். போன இடத்தில் யாராவது உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.