பிளக் ஓட்டையில் வைத்த விரல்

என் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய காருக்கு நெல்லித்தோப்பு மெக்கானிக் வேறு இன்ஜின் வைத்தார். பிளக்குகளுக்கு மின்சாரத்தை நேரம் பார்த்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தும்போது அவருக்கு உதவிக்கு ஆள் இல்லை. என் வண்டிக்கு நானே நிற்கிறேன் என்றேன்.

"பிளக் கழட்டின ஓட்டைய கட்டை விரலால அடைங்கம்மா. நான் கீழேந்து இன்ஜின சுத்துறேன். காத்து விரல தள்ளுனா சொல்லுங்க, அப்பதான் டிஸ்ட்ரிபியூட்டர மாட்டணும். தப்பா மாட்டுனா தீ திருப்பி அடிக்கும்."

சர்க்கரையால் என் விரல்கள் மரத்து இரண்டு வருடம் ஆகிறது. மகளிடம்கூடச் சொன்னதில்லை. அவர் சுற்றினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தள்ளுதாம்மா?"

"தள்ளுது" என்றேன்.

அவர் பொருத்தி முடித்ததும் சாவியைத் திருப்பியது நான்தான். கார்புரேட்டரிலிருந்து தீ சீறி, குனிந்து பார்த்த அவருடைய ஒரு புருவம் பொசுங்கியது.

"நாந்தான் தப்பா மாட்டிட்டேன் போல" என்று முகத்தைத் துடைத்தார்.

"இல்ல தம்பி. என் விரலுக்கு ஒண்ணும் தெரியாது."

என் கையைப் பார்த்தார். பிறகு காகிதத்தை உருட்டி அந்த ஓட்டையில் செருகினார்.

"கண்ணு தெரியுதில்ல? இது தெறிச்சா சொல்லுங்க. இன்னொரு புருவம்தான் மிச்சம்."

காகிதம் தெறித்தது. சொன்னேன். அவர் கழற்றி மறுபடி மாட்ட, இன்ஜின் ஓடியது. எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

அன்று மாலையே மகளிடம் சொன்னேன். இதை எழுதும் பென்சிலும் என் விரலுக்குத் தெரியவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.